கியோர்க் எர்ன்ஸ்ட் ஷ்டால்: மருத்துவரும் வேதியியலாளரும் – கேள்வி பதில்

கேள்வி: ஷ்டால் யார்? எங்கே வாழ்ந்தார்?

பதில்: 1659இல் ஜெர்மனியின் ஆன்ஸ்பாக் நகரில் பிறந்தவர். யேனாவில் மருத்துவம் பயின்று, 1687 முதல் வைமார் அரசவையில் மருத்துவராக இருந்தார். 1694இல் புதிதாகத் தொடங்கப்பெற்ற ஹாலே பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே கற்பித்தார். பிறகு பிரஷ்ய மன்னர் முதலாம் ஃபிரெடரிக் வில்லியத்தின் மருத்துவராகப் பெர்லின் சென்று, 1734இல் அங்கேயே மறைந்தார்.

கேள்வி: தரங்கம்பாடிக்கு வந்த கிறித்தவ மதப்பணியாளர் சீகன்பால்கு படித்ததும் ஹாலேயில்தானே?

பதில்: ஆம். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு ஹாலேயில் சில காலம் இறையியல் படித்த நாள்களில், அதே பல்கலைக்கழகத்தில் ஷ்டால் மருத்துவம் கற்பித்துக்கொண்டிருந்தார்.

கேள்வி: ஃபுளோஜிஸ்டன் என்று அவர் எதைச் சொன்னார்?

பதில்: எரியக்கூடிய எல்லாப் பொருள்களிலும் பொதுவாக உள்ள ஒரு மூலத்தை. எரியும்போது அது வெளியேறுகிறது என்பது அவர் கொள்கை. காரீயத்தைக் காற்றில் காய்ச்சிக்கொண்டே இருந்தால் பளபளப்புப் போய், சித்த மருத்துவர்கள் மிருதார்சிங்கி என்று சொல்லும் மஞ்சள் பொடியாகிறது. அதையே மரக்கரித்தூளோடு சேர்த்து மூசையில் உருக்கினால் காரீயம் திரும்பி வருகிறது. அப்படியானால், கரியில் நிறைந்திருந்த ஏதோ ஒன்று பொடிக்குள் புகுந்து அதை மீண்டும் உலோகமாக்கியிருக்க வேண்டும் என்று அவர் கருதினார்.

இதனினும் நேர்த்தியானது அவருடைய கந்தகச் சோதனை. கந்தகத்தை எரித்தால் அமிலம் கிடைக்கும் என்பது தெரிந்த செய்தி. அந்த அமிலத்தைப் பொட்டாஷ் என்னும் காரத்தோடு சேர்த்து உப்பாக்கி, கரித்தூள் கலந்து உருக்கியபோது, கந்தகத்தையும் பொட்டாஷையும் நேரடியாக உருக்கினால் கிடைக்கும் அதே ஈரல் நிறக் கட்டி அவருக்குக் கிடைத்தது. அதைக் கரைத்து அமிலம் விட்டால் கந்தகம் வீழ்படிவாகும். கரியிலிருந்த ஃபுளோஜிஸ்டன் அமிலத்தோடு மீண்டும் சேர்ந்து கந்தகமானது என்பது அவர் விளக்கம். பிரித்ததைத் திரும்பச் சேர்த்துக் காட்டும் இந்த முறையை வேதியியலுக்கு அவர் அளித்த பெருங்கொடையாகவே கருதுகிறேன்.

கேள்வி: உலோகம் பொடியாகும்போது எடை கூடுகிறதே. ஏதோ வெளியேறினால் எப்படிக் கூடும்?

பதில்: அக்கொள்கை தடுமாறியது இங்கேதான். ஷ்டால் தராசைவிடப் பொருள்களின் குணமாற்றத்தையே முதன்மையாகப் பார்த்தார். வெளியேறுவதாக அவர் சொன்ன இடத்தில் உண்மையில் ஆக்சிஜன் வந்து சேர்கிறது என்பதைப் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே பின்னர் நிறுவினார். ஆயினும், எரிதலும் உலோகம் பொடியாவதும் ஒரே வகை மாற்றம் என்றும், கரி அதைத் திருப்புகிறது என்றும் ஷ்டால் கண்டது இன்றும் சரியே. திசைதான் தலைகீழாக இருந்தது.

கேள்வி: இவ்வளவு வேதியியல் அறிந்தவர், நோய்களுக்கும் அதன்வழியேதான் விளக்கம் சொன்னாரா?

பதில்: இல்லை. என்னை மிகவும் ஈர்த்தது இதுதான். இறந்த உடல் சில நாள்களில் அழுகிவிடுகிறது. ஆனால் அதே பொருள்களாலான உயிருள்ள உடல் பல பத்தாண்டுகள் அழுகாமல் நிற்கிறது. அதைக் காப்பது பொருள்களின் கலவை அன்று, ஆன்மாவே என்று 1708இல் வெளிவந்த தம் பெரிய மருத்துவ நூலில் அவர் வாதிட்டார். உடலைப் பொறியாக விளக்கிய ஹாலே சகா ஃபிரெடரிக் ஹோஃப்மனுடன் இதில் முற்றிலும் வேறுபட்டார். தத்துவ அறிஞர் லைப்னிட்ஸும் இதை மறுத்து எழுதினார். காய்ச்சல் என்பது உடலில் சேர்ந்த கேட்டை வெளியேற்ற ஆன்மா செய்யும் முயற்சி என்று கருதியதால், அதை அடக்கும் சின்கோனா பட்டையையும் அபினையும் ஷ்டால் எதிர்த்தார். சின்கோனாவைப் பொறுத்தவரை அவர் முடிவு தவறு, ஏனெனில் மலேரியாக் காய்ச்சலுக்கு அந்தப் பட்டை உண்மையிலேயே மருந்து.