ட்ராட்டில் மணிக்கு 11 கி.மீ. போதுமா?

கேள்வி: சில மாதங்களாகக் குதிரையேற்றம் கற்கிறேன். ட்ராட்டில் (நடையைவிட வேகமான, பாய்ச்சலைவிட மெதுவான துள்ளோட்டம்) போகும்போது கைப்பேசி மணிக்கு 11 கி.மீ. காட்டுகிறது. 13 இருக்க வேண்டும் என்று படித்தேன். என் குதிரை மந்தமா? 20 கி.மீ. சவாரிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்?

பதில்: மந்தமே இல்லை. 13 என்பது வெறும் சராசரி. சவாரிக் குதிரைகளின் ட்ராட் சுமார் 8 முதல் 19 கி.மீ. வரை இருக்கும். உங்கள் 11 அதற்குள் தாராளமாக வருகிறது.

ட்ராட்டில் முன் இடது காலும் பின் வலது காலும் ஒன்றாக இறங்கும், அடுத்து மற்ற ஜோடி. இந்த இரண்டு தட்டுத் தாளம் மாறாதவரை எந்த வேகமும் ட்ராட்தான். 2018-ல் அமெரிக்காவின் லெக்சிங்டனில் ஹோமிசைட் ஹன்டர் என்ற பந்தயக் குதிரை ஒரு மைலை ட்ராட்டிலேயே 1 நிமிடம் 48.8 விநாடியில் கடந்தது. அதாவது மணிக்கு 53 கி.மீ.! பல குதிரைகள் நாலுகால் பாய்ச்சலில் போனாலும் அதை எட்டாது. சாதாரண நடை 6, 7 கி.மீ.; ட்ராட்டுக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட மூன்று தட்டு ஓட்டமான கேன்டர் 16 முதல் 27; பாய்ச்சல் 40-ஐத் தாண்டும்.

அதனால் குதிகாலால் உந்தி உந்தி 13-க்குக் கொண்டுபோகப் பார்க்காதீர்கள். 1981-ல் ஹாய்ட், டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் சிறு குதிரைகளை ட்ரெட்மில்லில் ஓடவிட்டு, அவை எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனை அளந்தார்கள். நடை, ட்ராட், பாய்ச்சல் ஒவ்வொன்றுக்கும் சக்தி மிகக் குறைவாகச் செலவாகும் ஒரு வேகம் இருந்தது. சொந்த விருப்பத்துக்கு விட்டபோது குதிரைகள் அதையொட்டியே போயின. உங்கள் குதிரையின் கால் நீளத்துக்கும் உடல்வாகுக்கும் அந்த வேகம் 11 ஆகவே இருக்கலாம். ஆனால் வழக்கமாக 11-ல் போகும் குதிரை திடீரென்று 9-க்கு இறங்கினால் கவனியுங்கள். ட்ராட்டில் ஒரு முன்னங்கால் தரையில் படும்போதெல்லாம் தலையைத் தூக்கினால், அந்தக் காலில் வலி இருக்கலாம். உடனே இறங்கிக் கால்களையும் குளம்புகளையும் பாருங்கள்.

கைப்பேசிக் கணக்கையும் முழுசாக நம்ப வேண்டாம். சிறிய மைதானத்தில் சுற்றும்போது ஜிபிஎஸ் வளைவுகளைக் குறுக்கே வெட்டி, தூரத்தைக் குறைத்துக் காட்டும். நேரான பாதையில் 100 மீட்டர் அளந்து நேரம் பாருங்கள். 28 விநாடி என்றால் 13 கி.மீ.; 33 விநாடி என்றால் 11.

சரி, 20 கி.மீ. கணக்கு. முழுக்க ட்ராட் என்று திட்டமிடாதீர்கள். உங்கள் அனுபவத்துக்கு 12 கி.மீ. ட்ராட், 8 கி.மீ. நடை போதும். ட்ராட்டுக்கு ஒரு மணி 5 நிமிடம், நடைக்கு ஒரு மணி 20 நிமிடம். தண்ணீர், ஓய்வு எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து நிமிடமும் கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரும் கட்டாயம் நடைதான்.

நடுவில் நிற்கும்போது தாடைக்கு அடியில் ஓடும் தமனியில் விரல் வைத்து 15 விநாடி நாடி எண்ணுங்கள். நீண்டதூரப் போட்டிகளில் பார்க்கும் வரம்பு நிமிடத்துக்கு 64, அதாவது 15 விநாடிக்கு 16 துடிப்பு. கால் மணி நேரம் ஓய்வு கொடுத்தும் அதற்கு மேலேயே நின்றால், ட்ராட் திட்டத்தை விட்டுவிட்டு மிச்ச தூரத்தை நடையிலேயே முடியுங்கள்.