பினாங்கு–லங்காவி இரவுப் பயணம்: இருவர் மட்டும் காவலைப் பிரிப்பது பற்றி

வணக்கம் ஐயா. தேவகோட்டையிலிருந்து பினாங்கு சென்றிருக்கும் தாங்களும் ஆச்சியும் சிறு பாய்மரப் படகில் ஓர் இரவில் லங்காவிக்குக் கடக்க எண்ணுவதாகவும், யார் எப்போது உறங்குவது என்பதே கவலை என்றும் எழுதியிருந்தீர்கள்.

தொலைவு சுமார் 60 கடல் மைல். மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில் 12 மணி நேரம் ஆகும். மாலையில் கிளம்பினால் விடிந்தபின் கரை சேரலாம். நம் பெரியவர்கள் இரவை மும்மூன்று மணி நேரச் சாமங்களாகப் பிரித்தார்களே, அந்தக் கணக்கிலேயே மாறி மாறிக் காவல் இருங்கள். நடுச்சாமம்தான் கண்ணைச் சுழற்றும் என்பதால், அதை ஏற்பவர் மாலையிலேயே தூங்கி எழுவது நல்லது.

எதிரே தெரியும் கப்பலின் விளக்கு நெருங்கி வந்தும், உங்கள் படகிலிருந்து அது தெரியும் திசைக்கோணம் மாறாமலே இருந்தால், மோதும் அபாயம் உண்டென்று கொண்டு, தயங்காமல் மற்றவரை எழுப்புங்கள். காரைக்குடியில் இருக்கும் நானும் என் மனைவியும் முன்பு இதே கடலில் சென்றபோது, மீன்பிடி வலைகளின் மங்கிய விளக்குகளே எங்களை அதிகம் அச்சுறுத்தின.

இருட்டுமுன் பாயைச் சுருக்கிவிடுங்கள். காவலில் தனித்திருப்பவர் பாதுகாப்புக் கயிற்றைப் படகோடு பிணைக்காமல் மேல்தளத்துக்கு வரவே கூடாது. கீழே உறங்குபவருக்கு, மற்றவர் விழுந்த ஓசைகூடக் கேட்காது.