கண் மருந்து ஆய்வில் அம்மாவைச் சேர்க்கச் சொல்கிறார் மருத்துவர். சம்மதிக்கலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு ஒரு கண்ணில் ஈர வகை மாகுலா சிதைவு, அதாவது விழித்திரையின் நடுப்பகுதியில் கசியும் இரத்தக் குழாய்கள் முளைத்து நேர்ப்பார்வையைக் கெடுக்கும் நோய். புதிய ஊசி மருந்து ஒன்றைப் பற்றிய ஆய்வில் சேர்கிறீர்களா என்று மருத்துவர் கேட்டிருக்கிறார். யாருக்கு எந்த மருந்து என்பதைக் கணினி குலுக்கிப்போட்டு முடிவு செய்யுமாம். சில வருகைகளில் ஊசி போடுவதுபோல் பாவனை மட்டும் செய்வார்களாம். 'அம்மாவைப் பரிசோதனை எலி ஆக்கிவிடுவார்களோ?' என்று அஞ்சுகிறீர்கள்.

சேரலாம் என்பதே என் எண்ணம். ஆனால் கையெழுத்துப் போடும் முன் ஒரு கேள்விக்கு எழுத்தில் விடை வேண்டும்: புதிய மருந்து கிடைக்காத குழுவுக்கு என்ன கிடைக்கும்? வீட்டில் எல்லோரும் புதிய மருந்து நல்லதா என்றுதான் கேட்பார்கள். அது தெரியாததால்தானே ஆய்வே நடக்கிறது? மருத்துவருக்கும் தெரியாது. தெரியும் என்று அடித்துச் சொல்பவரிடம் சற்று எச்சரிக்கையாக இருங்கள்.

நான் மருத்துவர் அல்ல. இத்தகைய ஆய்வுகளில் சில ஆண்டுகள் பார்வையை அளக்கும் வேலை பார்த்தேன். பின்னாலிருந்து ஒளியூட்டிய எழுத்துப் பலகையை 4 மீட்டர் தொலைவில் நிறுத்தி, எதிரே உட்கார்ந்திருப்பவரை ஒவ்வோர் எழுத்தாக வாசிக்கச் சொல்லிக் குறித்துக்கொள்ள வேண்டும். கண்ணாடிக்கு அளவெடுக்கும்போது பார்க்கிற பலகையிலிருந்து இது வேறுபட்டது. ஒவ்வொரு வரியிலும் சரியாக 5 எழுத்துகள். மொத்தம் பத்தே எழுத்துகள்தாம் மாறி மாறி வரும்: சி, டி, எச், கே, என், ஓ, ஆர், எஸ், வி, இசட். வாசிப்பதற்கு ஏறத்தாழ ஒரே அளவு கடினமாக இருக்கும்படி பொறுக்கி எடுத்தவை இவை. வலக் கண்ணுக்கு ஒரு பலகை, இடக் கண்ணுக்கு வேறொன்று. மனப்பாடம் செய்துவிடக் கூடாதல்லவா? அப்படியும் சிலர் முந்தைய வருகையின் கடைசி வரியை முணுமுணுத்துக்கொண்டே உள்ளே வருவார்கள்.

அந்த வேலையில் மிகக் கடினமானது வாயை மூடிக்கொண்டிருப்பது. சரி என்றோ தவறு என்றோ சொல்லக் கூடாது. தலையசைக்கவும் கூடாது. 'தெரியவில்லை' என்றால் 'ஊகித்தாவது சொல்லுங்கள்' என்று கேட்கலாம், அவ்வளவுதான். ஒரு பெரியவர் ஒருநாள் பொறுமை இழந்து, "இவ்வளவு நேரம் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் படித்தேனே, நன்றாகப் படித்தீர்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவீர்கள்?" என்று கேட்டுவிட்டார். நான் தட்டிக்கொடுத்தால் அவர் அடுத்த வரியில் இரண்டு எழுத்துகள் கூடுதலாகப் படிப்பார். அந்த இரண்டும் மருந்தின் கணக்கில் ஏறிவிடும். அவருக்குப் போவது எந்த மருந்து என்று எனக்கே தெரியாமல் வைத்திருப்பதும் இதனால்தான். ஊசி போடுபவர் ஒரு மருத்துவர், விளைவைப் பரிசோதிப்பவர் வேறொரு மருத்துவர். மற்ற துறைகளில் இதற்கு இரட்டைக் குருட்டு முறை என்று பெயர். கண் ஆய்வுக்காரர்கள் பலர் அந்தச் சொல்லைத் தவிர்த்து, மறைப்பு என்ற பொருளில் வேறு சொல்லைப் புழங்குகிறார்கள். பார்வை போய்விடுமோ என்று நடுங்கிக்கொண்டிருப்பவரிடம் நீட்டும் தாளில் குருடு என்ற சொல் எதற்கு?

இனி அந்தப் பாவனை ஊசி. கண்ணை மரத்துப்போகச் செய்வார்கள், சுத்தம் செய்வார்கள், பிறகு ஊசி பொருத்தாத சிரிஞ்சின் முனையை விழி வெள்ளையில் அழுத்துவார்கள். அழுத்தம் தெரியும். உள்ளே எதுவும் போகாது. ஏமாற்று வேலை என்று உங்களுக்குத் தோன்றுவது இயல்பு. முதன்முதலில் கேள்விப்பட்டபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அம்மாவுக்கு இன்று போடக்கூடிய மருந்துகள் வந்ததே அந்த வழியில்தான். 2006இல் மரீனா என்ற ஆய்வின் முடிவுகள் வெளியாயின. அதில் 716 பேர், மூன்றில் ஒரு பங்கினருக்கு மாதந்தோறும் பாவனை ஊசி. முதலாண்டு முடிவில் ரானிபிசுமாப் மருந்து பெற்றவர்களில் சுமார் 95 சதவீதத்தினர் பெரிய இழப்பிலிருந்து, அதாவது 15 எழுத்துகளை, மூன்று முழு வரிகளைப் பறிகொடுப்பதிலிருந்து தப்பியிருந்தார்கள். பாவனை ஊசிக் குழுவில் தப்பியவர்கள் 62 சதவீதம்தான். ஆய்வு தொடங்கியபோது, இழந்த பார்வையைத் திருப்பித் தரும் மருந்து எதுவும் கையில் இல்லை. அந்த 62க்கு வெளியே நின்றவர்களை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது. அவர்கள் இல்லாமல் அந்த 95 என்ன என்பதே யாருக்கும் விளங்கியிருக்காது.

இன்று அப்படிச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஈர வகைக்குச் சோதித்து நிலைபெற்ற மருந்துகள் வந்துவிட்டன. ஆகவே இப்போதைய ஆய்வுகளில் ஒப்பீட்டுக் குழுவுக்கு அப்படி ஒரு மருந்தைக் கொடுப்பார்கள். பாவனை ஊசி வருவது இடைவெளியை மறைக்கத்தான். ஃபாரிசிமாப் மருந்தை இப்படித்தான் சோதித்தார்கள்: ஒரு குழுவுக்கு ஏற்கெனவே உள்ள அஃப்லிபர்செப்ட் 8 வாரத்துக்கு ஒருமுறை, மற்றொரு குழுவுக்குப் புதியது 16 வாரம்வரை நீளும் இடைவெளியில். யாருக்கு எது என்று தெரியாமலிருக்க, மருந்து முறை இல்லாத வருகைகளில் பாவனை ஊசி. அம்மாவின் படிவமும் இந்த வகையாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். உறுதி செய்துகொள்ளுங்கள். நல்ல மருந்து இருக்கும்போதே ஒரு குழுவுக்கு வெறும் பாவனை மட்டும் என்று எழுதியிருந்தால், நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

புதிய மருந்து கிடைக்காதவர் தோற்றவர் என்ற நினைப்பையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பார்வை நரம்பு அழற்சிக்குப் பல காலமாக ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துவந்தார்கள். 457 பேரை வைத்து அதைச் சோதித்த ஆய்வின் முடிவு 1992இல் வந்தது. பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அதிக முறை நோய் திரும்பி வந்திருந்தது! மாத்திரை கிடைக்கவில்லையே என்று அந்த வெற்று மாத்திரைக் குழுவில் எத்தனை பேர் வருந்தியிருப்பார்களோ. கண் அழுத்தம் மட்டும் கூடுதலாக இருந்த 1636 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2002இல் வெளியானது. ஐந்தாண்டில் சொட்டு மருந்து போட்டவர்களில் 4.4 சதவீதத்தினருக்கு, பார்வை நரம்பை அரிக்கும் கிளாகோமா வந்தது, போடாதவர்களில் 9.5 சதவீதத்தினருக்கு. மருந்து பாதியாகக் குறைக்கிறது என்பது செய்தி. மருந்தே போடாமல் கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் நன்றாகவே இருந்தார்கள் என்பதும் அதே எண்ணிக்கைக்குள் இருக்கிறது. இன்று ஒரு மருத்துவர் 'உங்களுக்கு இப்போதைக்குச் சொட்டு மருந்து வேண்டாம், வந்து காட்டிக்கொண்டிருங்கள்' என்று துணிந்து சொல்வதற்கு அந்தக் குழுவும் ஒரு காரணம்.

புதியது என்பதற்குரிய அபாயத்தையும் மறைக்க விரும்பவில்லை. ப்ரோலுசிசுமாப் என்ற மருந்து பெரிய ஆய்வுகளைக் கடந்து 2019இல் அனுமதி பெற்றது. சில மாதங்களுக்குள், விழித்திரை இரத்தக் குழாய்களில் அழற்சி ஏற்பட்டுப் பார்வை பாதித்ததாகத் தகவல்கள் வரத் தொடங்கின. அரிதாக வருவது ஆயிரம், இரண்டாயிரம் பேர் கொண்ட ஆய்வில் முழுதாகத் தலைகாட்டாது. இந்த அபாயம் ஆய்வில் சேர்ந்தவருக்கு மட்டும் உரியதும் அல்ல. மருந்து வெளிவந்த உடனே போட்டுக்கொள்பவருக்கும் உண்டு. ஆய்வில் இருப்பவரைக் குறித்த நாளில் கூப்பிட்டுப் பார்ப்பார்கள், மற்றவர் தானாகப் போனால்தான் உண்டு.

அடுத்தது, மற்றக் கண். ஆய்வுக்கு எடுத்துக்கொள்வது பெரும்பாலும் ஒரு கண்ணைத்தான். இன்னொன்றை யார் பார்ப்பார்கள், அதில் நோய் வந்தால் யார் செலவில் சிகிச்சை என்று கேளுங்கள். 1970களில் நீரிழிவு விழித்திரை நோய்க்கு லேசர் பயன்படுமா என்று 1700க்கும் மேற்பட்டோரிடம் சோதித்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணுக்கு மட்டும் லேசர். இன்னொரு கண்ணை அப்படியே விட்டுவைத்தார்கள். எந்தக் கண் என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. லேசர், கடுமையான பார்வை இழப்பைப் பாதிக்கும் மேல் குறைக்கிறது என்று 1976இல் தெரிந்தது. முடிவு தெரிந்ததும் ஆய்வுத் திட்டத்தையே மாற்றி, அபாயகரமான நிலையில் விட்டுவைத்திருந்த கண்களுக்கும் லேசர் கொடுக்க வழி செய்தார்கள். எண்களை இடையிடையே பார்த்து, 'போதும், இனி எல்லோருக்கும் கொடுங்கள்' என்றோ 'நிறுத்துங்கள்' என்றோ சொல்ல, ஆய்வாளர்களைச் சாராத கண்காணிப்புக் குழு ஒன்று உண்டு. அம்மாவின் ஆய்வுக்கு அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

படிவம் முப்பது பக்கம் இருந்தாலும் வீட்டுக்கு எடுத்துவந்து படியுங்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பதற்குப் பின்னால் ஒரு நெடுங்கதை இருக்கிறது. 1942இல் பாஸ்டன் மருத்துவர் டெர்ரி, குறைமாதக் குழந்தைகளுக்குப் பார்வையைப் பறிக்கும் புதிய நோயொன்றை விவரித்தார். அடுத்த பத்தாண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வை இழந்தார்கள். குழந்தை பிழைக்க வேண்டுமே என்று தாராளமாகக் கொடுத்த ஆக்சிஜனே முக்கியக் காரணம் என்பதை 1953இல் அமெரிக்காவில் 18 மருத்துவமனைகள் சேர்ந்து தொடங்கிய ஆய்வு நிலைநாட்டியது. உடனே எல்லோரும் ஆக்சிஜனைக் கண்டபடி குறைத்தார்கள், பார்வை தப்பியது, ஆனால் குழந்தைகள் இறந்தன. எவ்வளவுதான் கொடுப்பது என்ற கேள்வி அரை நூற்றாண்டுக்குப் பிறகும் தீரவில்லை. 2010இல் வெளியான ஆய்வொன்றில் 1316 குழந்தைகள்: இரத்தத்தில் ஆக்சிஜன் அளவை ஒரு குழுவுக்கு 85 முதல் 89 சதவீதமாகவும் இன்னொரு குழுவுக்கு 91 முதல் 95 சதவீதமாகவும் வைக்க முயன்றார்கள். குறைந்த அளவில் கடுமையான விழித்திரை நோய் பாதியானது. இறப்போ 16.2 சதவீதத்திலிருந்து 19.9 ஆகக் கூடியிருந்தது. இரண்டு அளவுமே அன்று மருத்துவமனைகளில் வழக்கத்தில் இருந்தவைதாம். ஆனாலும் பெற்றோர் கையெழுத்திட்ட படிவங்கள் இந்த அபாயங்களைத் தெளிவாகச் சொல்லவில்லை என்று 2013இல் அமெரிக்க அரசின் மேற்பார்வை அலுவலகமே கண்டித்தது. 'வழக்கமான சிகிச்சைதான், கூடுதல் அபாயம் ஒன்றும் இல்லை' என்ற வரியைப் படிவத்தில் பார்த்தால் அங்கே நின்று, எந்தக் குழுவுக்கு எதில் அபாயம் என்று விளக்கச் சொல்லுங்கள்.

பணம் கேட்டால் பேச்சே வேண்டாம். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மாகுலா சிதைவு இருந்த மூன்று பெண்கள், ஸ்டெம் செல் சிகிச்சை என்று நம்பித் தலா 5000 டாலர் கொடுத்து ஒரே நாளில் இரண்டு கண்களிலும் ஊசி போட்டுக்கொண்டு பார்வை இழந்ததை 2017இல் மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது. அரசின் ஆய்வுப் பதிவேட்டில் அந்தத் திட்டம் இருந்தது. அதைக் கண்டு அது முறையான ஆய்வு என்று நினைத்தவரும் அவர்களில் உண்டு. பதிவெண் இருப்பது மட்டும் போதாது. சோதனையில் உள்ள ஒன்றை ஒரே நாளில் இரண்டு கண்ணிலும் செலுத்துவது எந்தப் பொறுப்பான கண் மருத்துவரும் செய்யாத காரியம். ஏதாவது தவறினால் மிஞ்ச ஒரு கண்ணாவது வேண்டாமா?

இவை எல்லாம் சரியாக இருந்தால், மிச்சம் அலைச்சல்தான். அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மாதம் ஒருமுறை, ஒவ்வொரு முறையும் அரை நாளுக்குக் குறையாது. எழுத்துப் பலகை, கண்மணியை விரிக்கும் சொட்டு, விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஸ்கேன், சில வருகைகளில் கையில் சாயம் ஏற்றிப் படம். அந்தச் சாயத்தால் அன்று தோலும் சிறுநீரும் மஞ்சளாகும், பயப்பட வேண்டாம். சொட்டுப் போட்டபின் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், அம்மாவைத் தனியாக அனுப்பாதீர்கள். என் அனுபவத்தில் ஆய்வை விட்டுப் போனவர்களில் பலர் மருந்துக்கு அஞ்சிப் போகவில்லை. கூட்டிவர ஆள் இல்லாமல் போனார்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை, அதனால் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது.

கையெழுத்திட்டால் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் இரவிலும் எடுக்கும் தொலைபேசி எண் இருக்கும், அதை அம்மாவின் படுக்கைக்கு அருகே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். ஊசி போட்ட நாள் கண்ணில் லேசான உறுத்தலும் சிவந்த திட்டும் இருக்கலாம். அடுத்த சில நாள்களில் வலி கூடிக்கொண்டே போனாலோ, சிவப்புப் பரவினாலோ, வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாமல் போனாலோ, பார்வை மங்கினாலோ, அது கண்ணுக்குள் தொற்றாக இருக்கக்கூடும். விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த எண்ணை அப்போதே அழையுங்கள்.