டிராஃப்ட் ராத்திரிச் சண்டைகள்: லயன்ஸ் ரசிகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஏப்ரல் வந்தால் டெட்ராய்ட் சுற்றுவட்டாரத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு சண்டைகள் நடக்கும். சித்திரைத் திருநாளுக்கு யார் வீட்டுச் சாம்பார் என்பது ஒன்று. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில், எங்கள் அமெரிக்கக் கால்பந்து அணியான லயன்ஸ் யாரை எடுக்க வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவது இரண்டு நாளில் சமாதானமாகிவிடும். இரண்டாவதைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர்: மகன் மிச்சிகனில் இருப்பதால் நானும் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். ஐபிஎல் மாதிரி ஏலம் விட்டால் தீர்ந்தது. எதற்கு சார் இந்த வரிசை?

பணம் அதிகம் உள்ள அணிகளே நல்ல ஆட்டக்காரர்களை அள்ளிக்கொண்டு போகின்றன என்று 1935இல் பிலடெல்பியா ஈகிள்ஸ் முதலாளி பெர்ட் பெல் குறைப்பட்டுக்கொண்டார். அதிலிருந்து பிறந்தது இந்த முறை. போன சீசனில் கடைசியில் நின்ற அணிக்கு முதல் வாய்ப்பு, சூப்பர் பவுல் ஜெயித்த அணிக்கு 32ஆவது. இப்படி ஏழு சுற்று. எந்த ஊருக்கு ஆடுவது என்று பையன் முடிவு செய்ய முடியாது.

முதல் டிராஃப்ட் 1936இல் பிலடெல்பியாவில் நடந்தது. முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர், சம்பளம் ஒத்துவராமல் என்எஃப்எல்லில் (இந்த அணிகள் ஆடும் லீக்) ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஆக, முதல் பிக்கிலேயே, அதாவது முதல் தேர்விலேயே, கோட்டைவிட்ட வழக்கம் இது. உங்கள் ஊரில் முதல் சுற்று வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்குத் தொடங்கும். காபியோடு உட்காருங்கள்.

டிராயிலிருந்து மூன்று பேர்: 2023இல் லயன்ஸ் ஜாமிர் கிப்ஸை 12ஆவது இடத்தில் எடுத்தபோது நீங்கள் திட்டியது எங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. இப்போது என்ன சொல்கிறீர்கள்?

திட்டினேன். கேன்டனில் ஒரு நண்பர் வீட்டு பேஸ்மென்ட்டில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். பெயரை அறிவித்ததும் ஒருவர் கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்து மாடிக்குப் போய்விட்டார். 18ஆவது பிக்கில் ஜாக் கேம்பல் என்று கேட்டதும் மாடியிலிருந்தே ஒரு சத்தம் வந்தது. ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) ஒருவர், நடு லைன்பேக்கர் (தடுப்பாட்டக்காரர்) ஒருவர். முதல் சுற்றில் வாங்கக் கூடாத இரண்டு சாமான்கள் என்று எல்லா நிபுணர்களும் சொல்லும் இடங்கள் இவைதான். போதாததற்கு, மார்ச்சில்தான் டேவிட் மான்ட்கோமரி என்ற ரன்னிங் பேக்கை மூன்று வருடத்துக்கு 1.8 கோடி டாலருக்குக் கொண்டுவந்திருந்தார்கள். டியாண்ட்ரே ஸ்விஃப்ட் என்ற இன்னொரு ரன்னிங் பேக்கும் கையில் இருந்தார். (இரண்டே நாளில் அவரை ஈகிள்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள்.)

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். 2024 சீசனில் கிப்ஸ் ஓடியது 1,412 யார்டு, மொத்தம் 20 டச்டவுன் (பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது). அதே 2023 டிராஃப்ட்டின் இரண்டாவது சுற்றில் வந்த சாம் லபோர்ட்டா முதல் வருடத்திலேயே 86 பந்து பிடித்தார். அன்றைக்கு டைட் எண்டுகளில் (தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்பவர்கள்) எந்தப் புதுமுகமும் அவ்வளவு பிடித்ததில்லை. பிரையன் பிராஞ்சும் அதே சுற்றுதான்.

ஆனாலும் நான் முழுக்க மன்னிப்புக் கேட்கத் தயாரில்லை. அந்த இடத்துக்கு அந்த விலை அதிகம் என்று சொன்னது சரிதான். சந்தையில் அனுபவசாலி ரன்னிங் பேக்கே மலிவாகக் கிடைக்கிறார். கிப்ஸின் நான்கு வருடச் சம்பளமும் மான்ட்கோமரியின் மூன்று வருடச் சம்பளமும் கிட்டத்தட்ட ஒரே தொகை. நான் சறுக்கியது ஆளைப் பற்றிய கணிப்பில். கிப்ஸை வெறும் ரன்னிங் பேக் என்று நினைத்தேன். அவரைப் பந்து பிடிக்கவும் பக்கவாட்டில் கிழித்துக்கொண்டு ஓடவும் வைக்கும் திட்டம் பயிற்சியாளர்களிடம் முன்பே இருந்தது.

நோவையிலிருந்து: 6ஆவது பிக்கை விட்டுக்கொடுத்து 12க்கு இறங்கியது நஷ்டம்தானே? யார் விலை போடுகிறார்கள்?

எனக்குப் பிடித்த கேள்வி. 90களின் தொடக்கத்தில் ஜிம்மி ஜான்சன் டல்லஸ் கௌபாய்ஸ் பயிற்சியாளராக இருந்தபோது ஒரு விலைப்பட்டியல் போட்டார்கள். முதல் பிக் 3,000 புள்ளி, இரண்டாவது 2,600, 32ஆவது 590 என்று சரிந்துகொண்டே போகும். இன்றைக்கு ஒவ்வொரு அணியும் தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஆனாலும் பேச்சைத் தொடங்க அந்தப் பழைய பட்டியல் உதவும்.

2023 கணக்கைப் போட்டுப் பாருங்கள். லயன்ஸ் அரிசோனாவுக்குக் கொடுத்தது 6, 81ஆவது பிக்குகள். வாங்கியது 12, 34, 168. கொடுத்த பக்கம் 1,600 கூட்டல் 185. வாங்கிய பக்கம் 1,200 கூட்டல் 560, மீதிச் சில்லறைக்கு அந்த 168. மளிகைக் கடைத் தராசு மாதிரி முள் நடுவில் நிற்கிறது. அந்த 12தான் கிப்ஸ், 34தான் லபோர்ட்டா.

சரி, அந்த 6ஆவது பிக் எங்கிருந்து வந்தது? அது ராம்ஸுடையது. 2021இல் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) மேத்யூ ஸ்டாஃபோர்டை லாஸ் ஏஞ்சலிஸுக்கு அனுப்பியபோது, அவர்களின் குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃப், இரண்டு முதல் சுற்று பிக், ஒரு மூன்றாம் சுற்று பிக் வந்தன. இன்னொரு முதல் சுற்று பிக், ராம்ஸ் சூப்பர் பவுல் ஜெயித்ததால் 32ஆவதாகத் தேய்ந்தது. அதையும் 2022 டிராஃப்ட்டின் 34, 66ஐயும் மின்னசோட்டாவிடம் கொடுத்து 12, 46 இரண்டையும் வாங்கினார்கள். அந்த 12இல் வந்தவர் ஜேமிசன் வில்லியம்ஸ். ஒரு குவார்ட்டர்பேக்கை விற்ற காசில் குவார்ட்டர்பேக், ரன்னிங் பேக், டைட் எண்ட், ரிசீவர் (வீசும் பந்தைப் பிடிப்பவர்) என்று நாலு இடம் நிரம்பியிருக்கிறது. ஸ்டாஃபோர்ட் போன அன்று கண்கலங்கியவர்களில் நானும் உண்டு. 2024 ஜனவரியில் அதே ஸ்டாஃபோர்டின் ராம்ஸை எங்கள் மைதானமான ஃபோர்ட் ஃபீல்டில் 24-23 என்று முடித்து, 32 வருடம் கழித்து ஒரு பிளேஆஃப் ஆட்டம் ஜெயித்தோம். அன்றைக்கும் கண்கலங்கினேன், வேறு காரணத்துக்காக.

ஆன் ஆர்பரில் படிக்கும் மாணவர்: ஓட்டையை அடைப்பதா, கிடைப்பவர்களில் சிறந்தவரை எடுப்பதா? ரூம்மேட்டோடு தினமும் சண்டை.

தம்பி, உங்கள் ரூம்மேட் "சிறந்தவர்" கட்சியா? அப்படியென்றால் லயன்ஸ் தலைவராக மேட் மில்லன் இருந்த காலத்தை அவருக்குச் சொல்லுங்கள். 2003இல் சார்லஸ் ராஜர்ஸ், 2004இல் ராய் வில்லியம்ஸ், 2005இல் மைக் வில்லியம்ஸ். வரிசையாக மூன்று வருடம் முதல் சுற்றில் ரிசீவர். தங்கள் பட்டியலில் இவர்தான் மேலே இருந்தார் என்பதே ஒவ்வொரு முறையும் சமாதானம். 2003இல் ராஜர்ஸுக்கு அடுத்த பிக்கில் ஹூஸ்டன் எடுத்ததும் ஒரு ரிசீவரைத்தான், ஆண்ட்ரே ஜான்சன். அவர் இன்று ஹால் ஆஃப் ஃபேமில் (சாதனையாளர் அரங்கில்). 2005இல் மைக் வில்லியம்ஸுக்கு அடுத்துப் போனவர் டிமார்க்கஸ் வேர். அவரும் ஹால் ஆஃப் ஃபேம். 2007இல் நாலாவதாக ஒரு ரிசீவர் எடுத்தார்கள், கால்வின் ஜான்சன். அவர் மட்டும் நிஜமாகவே தங்கம். அந்தத் தங்கத்தை வைத்துக்கொண்டுதான் 2008இல் 16 ஆட்டத்தில் 16ஐயும் தோற்றோம்.

அதனால் தேவைதான் முக்கியம் என்று நீங்கள் துள்ள வேண்டாம். உள்ளே நடப்பது இரண்டுக்கும் நடுவில். ஆட்களைத் தரவாரியாகக் கட்டுக்கட்டாக அடுக்குவார்கள். ஒரே கட்டில் நாலு பேர் மிஞ்சினால் ஓட்டைக்குப் பொருந்துகிறவரை எடுப்பார்கள். தேவைக்காக ஒரு கட்டு கீழே இறங்கினால்தான் ஆபத்து.

ஃபார்மிங்டன் ஹில்ஸிலிருந்து ஓர் அம்மா: சீசனுக்கு முந்தைய ஆகஸ்ட் ஆட்டங்களில் நன்றாக ஆடிய பையன்களை மாதக் கடைசியில் அனுப்பிவிடுகிறார்களே, மனசே கேட்கவில்லை.

கேட்காதுதான் அம்மா. 90 பேர் இருக்கும் முகாம் 53 ஆக வேண்டும். ஒரே நாளில் 32 அணிகளும் சேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்புகின்றன. ஆனால் அது முடிவல்ல. இளம் ஆட்டக்காரர் என்றால் வேவர் என்ற ஒரு நாள் காத்திருப்பு. அதற்குள் வேறு அணி கேட்டால் அங்கே போவார். யாரும் கேட்காவிட்டால் 16 பேர் கொண்ட பயிற்சிக் குழுவில் நம்மிடமே திரும்பலாம். நன்றாக ஆடிய பையனை வெளியே விடும்போது மேலாளர் யோசிப்பது, யாராவது தூக்கிவிடுவார்களா என்பதைத்தான். ஆகஸ்டில் ஜொலித்தவர் எதிர்த்து ஆடியது பெரும்பாலும் மூன்றாம் வரிசை ஆட்களோடு. மற்ற அணிகளுக்கும் அது தெரியும்.

பந்தை உதைக்கும் கிக்கர் ஜேக் பேட்ஸ் கதை தெரியுமா? கல்லூரியில் ஒரு ஃபீல்ட் கோல்கூட (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைப்பது) அடிக்க முயன்றதில்லை. யாரும் டிராஃப்ட் செய்யவில்லை. ஹூஸ்டன் சேர்த்துக்கொண்டு 2023 ஆகஸ்டில் அனுப்பிவிட்டது. செங்கல் விற்கும் வேலைக்குப் போனார். 2024 மார்ச்சில் யுஎஃப்எல் என்ற சிறிய லீக்கின் போட்டியில் மிச்சிகன் பேந்தர்ஸுக்காக அதே ஃபோர்ட் ஃபீல்டில் 64 யார்டு அடித்தார். எதிரணி டைம்அவுட் கேட்டிருந்ததால் அது செல்லாது என்றார்கள். திரும்ப நின்று திரும்ப அடித்தார். லயன்ஸ் கூப்பிட்டது. அந்த நவம்பரில் காஃப் ஐந்து இன்டர்செப்ஷன் போட்ட (பந்தை எதிரணி கையில் வீசிய) ஓர் ஆட்டத்தைக் கடைசி நொடியில் 52 யார்டு உதையால் 26-23 என்று ஜெயித்துக் கொடுத்தார். எதிரே நின்ற அணி ஹூஸ்டன்.

கேன்டனிலிருந்து: நாமே எடுத்து வளர்த்த பையன்களை எல்லாம் ஏன் வைத்துக்கொள்ள முடிவதில்லை? முதலாளியிடம் பணம் இல்லையா?

ஃபோர்ட் குடும்பத்திடம் பணம் இல்லையா என்று டியர்பார்னில் கேட்டுவிடாதீர்கள். சம்பளத்துக்கு லீக் உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2025இல் ஓர் அணிக்கு 27.92 கோடி டாலர். நம்மிடம் காஃப் நாலு வருடத்துக்கு 21.2 கோடி, ஹட்சின்சன் 18, அமான்-ரா செயின்ட் பிரவுன் 12, சூவல் 11.2. இந்த நாலு பேரின் வருடச் சராசரியைக் கூட்டினால் 15.6 கோடி. கணக்கில் முன்னே பின்னே தள்ளி எழுதலாம், ஆனால் ஒருநாள் கட்டித்தான் ஆக வேண்டும். மீதியில் 49 பேர்.

டிராஃப்ட்டின் அருமை இங்கேதான். 2010இல் முதல் பிக் சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருடத்துக்கு 7.8 கோடி கொடுத்தார்கள். 2011இல் புதுமுகங்களின் சம்பளத்துக்குக் கடிவாளம் வந்தது. அந்த வருட முதல் பிக் கேம் நியூட்டனுக்கு நாலு வருடத்துக்கு 2.2 கோடிதான். செயின்ட் பிரவுன் 2021இல் 112ஆவதாக வந்தவர். தனக்கு முன்னால் எடுக்கப்பட்ட 16 ரிசீவர்களின் பெயரையும் கல்லூரியையும் வரிசையாகச் சொல்வார், இன்னும் கோபம் ஆறவில்லை. அவர் நாலாம் சுற்றுச் சம்பளத்தில் ஆடிய மூன்று வருடம்தான் மற்றவர்களுக்குக் கொடுக்க இடம் தந்தது.

ராச்சஸ்டர் ஹில்ஸிலிருந்து: டிராஃப்ட் முடிந்த மறுநாளே ஏ, பி, சி என்று மார்க் போடுகிறார்களே, நம்பலாமா?

வேண்டாம். 2023இல் நான் திட்டியது என்ன ஆனது என்று மேலே படித்தீர்களே. கேட் மாசி, ரிச்சர்ட் தேலர் என்ற இரண்டு பேராசிரியர்கள் பல வருட டிராஃப்ட்டை அலசினார்கள். ஒரே இடத்துக்கு அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இருவரில் முன்னவர் சிறப்பாக ஆடியது 52 சதவீதம்தான். காசைச் சுண்டினாலே 50 வரும்.

அவரே இன்னொன்று: அப்படியானால் 2025இல் ரிசீவர் ஐசக் டெஸ்லாவுக்காக மேலே ஏறியது?

விலை ஜாஸ்தி. 70ஆவது பிக்குக்கு ஏற, 102ஓடு 2026இன் இரண்டு மூன்றாம் சுற்று பிக்குகளையும் ஜாக்சன்வில்லுக்குக் கொடுத்தார்கள். திரும்ப வந்தது 182ம், ஓர் ஆறாம் சுற்றும். பையன் ஹட்சன்வில்காரர், நம்ம மாநிலம், பந்தைப் பிடிக்கும் அழகும் உண்டு. ஆனால் காசைச் சுண்டும் விளையாட்டில் மூன்று சுண்டலைக் கொடுத்து ஒன்று வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. நாளைக்கு அவர் ஹால் ஆஃப் ஃபேம் போனாலும் இதையே சொல்வேன். டிராய்க்காரர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

நோவையிலிருந்து: எட்டு வயதுப் பையன் ஜெர்சி கேட்கிறான். யாருடையது வாங்கலாம்?

என்னைக் கேட்காதீர்கள் என்று சொல்ல வேண்டும். நான் 2022இல் ஸ்விஃப்ட் ஜெர்சி வாங்கியவன். இப்போது வீட்டில் அது குழாய் ரிப்பேர் பார்க்கும்போது போட்டுக்கொள்ளும் சட்டை. ரன்னிங் பேக் வேண்டவே வேண்டாம். 58, பெனே சூவல். 2021இல் 7ஆவது பிக், அமெரிக்கன் சமோவாவில் பிறந்தவர். லைன்மேன் (முன்வரிசையில் தடுத்து நிற்பவர்) பெயரைப் பையன்கள் கேட்க மாட்டார்கள் என்பீர்கள். 2022 டிசம்பரில் மின்னசோட்டாவோடு ஆட்டம் முடியும் தருவாயில், அந்த மலை மாதிரி ஆள் ஓடிப்போய் 9 யார்டுக்குப் பந்து பிடித்து ஆட்டத்தை முடித்துவைத்த காட்சியைப் போட்டுக் காட்டுங்கள், அவனே கேட்பான். இரண்டு சைஸ் பெரிதாக வாங்குங்கள். ஒப்பந்தம் 2029 வரை இருக்கிறது.