ஒரு சலங்கை நிறைய தங்கம்

வணக்கம் சார்,
நியூஜெர்சில இருக்கோம். அக்டோபர் ரெண்டாவது திங்கள் பொண்ணுக்கு ஸ்கூல் லீவு. போன வருஷம் வரைக்கும் காலண்டர்ல கொலம்பஸ் டேன்னு இருந்துச்சு, இப்ப பூர்வகுடிகள் தினம்னு மாத்திட்டாங்க. பக்கத்து வீட்டு இத்தாலிக்காரத் தாத்தா "எங்களுக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான்"னு வேலியோரம் நின்னு புலம்பறார். பொண்ணு என்னடான்னா கொலம்பஸ் கொலைகாரன்ங்கறா. அந்தக் காலத்து ஆள இந்தக் காலத்துக் கண்ணாடி போட்டுப் பாக்கலாமா?
ஆர்.

அன்புள்ள ஆர்,

அந்தக் காலத்துக்காரங்களுக்கே அவர் ஆண்ட லட்சணம் பொறுக்கலம்மா. அவர் கவர்னரா இருந்த கரீபியன் கடல் ஹிஸ்பானியோலா தீவுலேர்ந்து புகார் மேல புகார் போய், 1500ல ஸ்பெயின் அரசு அனுப்புன பொபாடில்லா அவருக்கு விலங்கு மாட்டி கப்பல்ல ஏத்தி விட்டார். ராஜாவும் ராணியும் விலங்க அவுத்தாங்களே தவிர கவர்னர் பதவிய திருப்பித் தரல. புகார் சொன்னது பெரும்பாலும் அங்க குடியேறுன ஸ்பானியர்கள்தான், அது வேற விஷயம்.

எனக்கு மனசுல நிக்கறது ஒரு சலங்கை. அப்பல்லாம் ஐரோப்பால வேட்டைக்குப் பழக்கின வல்லூறு கால்ல குட்டிச் சலங்கை கட்டுவாங்க. 1492ல முதல் தடவ வந்தப்ப பாசிமணியோட அதையும்தான் கொலம்பஸ் அங்கத்திய பூர்வகுடிகளான தாய்னோ மக்களுக்குக் குடுத்தார், அவங்களுக்கும் அது மேல அவ்வளவு ஆசை. மூணே வருஷம். 1495ல அதே சலங்கை அளவுப்படியா மாறிடுச்சு: தங்கம் கெடைக்கற பக்கம் 14 வயசு தாண்டுன ஒவ்வொருத்தரும் மூணு மாசத்துக்கு ஒரு சலங்கை நிறைய தங்கம் கட்டணும், கட்டிட்டா அதுக்கு அடையாளமா கழுத்துல ஒரு வில்லை. ஆத்து மணல எவ்வளவு சலிச்சாலும் அவ்வளவு தங்கத்துக்கு எங்க போவாங்க? அதே வருஷம் ஸ்பெயினுக்கு அடிமையா அனுப்புன 500 பேருக்கு மேல இருந்தவங்கள்ல சுமார் 200 பேர் வழிலயே செத்துட்டாங்க.

அதனால உங்க பொண்ணு பக்கம்தான் நான். ஆனா தாத்தாவ விட்டுக்குடுக்கவும் மனசு வரல. 1891ல நியூ ஆர்லியன்ஸ்ல போலீஸ் சீஃப் கொலை கேஸ்ல ஜூரி யாரையும் குற்றவாளின்னு சொல்லலன்னு ஒரு கூட்டம் ஜெயில ஒடச்சு உள்ள போயி 11 இத்தாலிக்காரங்கள கொன்னுச்சு. மறு வருஷம், இத்தாலில பொறந்த கொலம்பஸ் வந்து 400 வருஷம் ஆச்சுன்னு ஜனாதிபதி ஹாரிசன் நாடு முழுக்க கொண்டாடச் சொன்னதுக்கு இத்தாலிய சமாதானப்படுத்தறதும் ஒரு காரணம். இன்னிக்கு இருக்கற அமெரிக்க மாநிலம் எதுலயும் கால் வைக்காத ஆள் அவர், ஆனாலும் "நாங்க உங்களுக்கெல்லாம் முன்னாடி"ன்னு சொல்லிக்க அவங்க கையில இருந்தது அந்தப் பேர் மட்டும்தான், பாவம்.

லீவு இருக்கட்டும், அந்தப் பேர் வேணாம், அவ்வளவுதான் என் கட்சி. கொலராடோவப் பாருங்க. 1907ல கொலம்பஸுக்கு முதல்ல லீவு விட்ட மாநிலமே அதுதான், 2020ல அத எடுத்துட்டு கப்ரினின்னு ஒரு கன்னியாஸ்திரி பேர்ல வேற லீவு வச்சாங்க. அந்தம்மாவும் இத்தாலிலேர்ந்து வந்தவங்கதான், வந்து குடியேறுனவங்களுக்கு ஸ்கூல், அநாதை இல்லம், ஆஸ்பத்திரின்னு கட்டுனவங்க. இத தாத்தாகிட்ட சொல்லிப் பாருங்க, கோபம் குறையுதோ இல்லையோ பேச்சு மாறும். போறப்ப பொண்ணையும் கூட்டிட்டுப் போங்க, 1891ல நடந்தது அவளுக்கு ஸ்கூல்ல சொல்லியிருக்க மாட்டாங்கன்னு நினைக்கறேன்.