காரின் உலோக டிரிம் பாகங்களுக்கு நீண்ட நாள் நிற்கும் கறுப்புப் பூச்சு எது?

கேள்வி: பழைய கார் ஒன்று வைத்திருக்கிறேன். ஜன்னலைச் சுற்றியுள்ள பளபளப்பான பட்டிகள், கிரில் சட்டம், வைப்பர் கை எல்லாவற்றையும் கறுப்பாக்க ஆசை. பவுடர் கோட்டிங், அனோடைசிங், ஸ்ப்ரே பெயின்ட் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைச் செய்தால் உரியாமல் இருக்கும்?

பதில்:

எனக்கு இது தொழில் இல்லை. பழைய கார்களைப் பிரித்து மேயும் கிறுக்கு மட்டும் உண்டு. இதுவரை மூன்று கார்களின் டிரிம்களைக் கறுப்பாக்கியிருக்கிறேன். முதல் காரைப் பற்றிச் சொன்னாலே உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

அதில் ஜன்னல் பட்டிகள் எவர்சில்வர். தின்னர் போட்டுத் துடைத்துவிட்டு, டப்பா ஸ்ப்ரேயில் சாட்டின் (அரைப் பளபளப்பு) கறுப்பை இரண்டு கோட் அடித்தேன். பார்த்தவர்கள் எல்லாம் கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே இருக்கிறது என்றார்கள். ஒரு மழைக்காலம் போனது. ஓட்டுநர் பக்கத்துப் பட்டியின் முனையில் மிளகு அளவுக்கு ஒரு கொப்புளம் தெரிந்தது. நகத்தால் நெருடினேன். பாம்புச் சட்டை மாதிரி ஒரு சாண் நீளத்துக்குக் கையோடு கழன்று வந்துவிட்டது. அடியில் எவர்சில்வர் கண்ணாடியாய் மின்னியது, ஒரு கீறல்கூட இல்லை. பெயின்ட்டைக் குறை சொல்ல முடியாது. வழுக்குப் பாறையில் ஏறச் சொன்னால் அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

அதனால், எந்தப் பூச்சு என்று கேட்கும் முன் அடியில் இருப்பது என்ன உலோகம் என்று பாருங்கள். பளபளப்பாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல. எவர்சில்வர், அனோடைஸ் செய்த அலுமினியம், குரோம் முலாம் போட்ட இரும்பு, குரோம் போட்ட துத்தநாக வார்ப்பு, ஏன், குரோம் போட்ட பிளாஸ்டிக்கும் ஒரே காரில் இருக்கும். காந்தம் ஒட்டாமல், தூக்கினால் லேசாக இருந்தால் அநேகமாக அலுமினியம். ஆனால் காந்தம் ஒட்டுகிறதே, அப்படியானால் இரும்புதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கார் டிரிம்களில் அதிகம் புழங்கும் 430 ரக எவர்சில்வரிலும் காந்தம் ஒட்டும். நான் ஏமாந்த இடம் அது. இப்போதெல்லாம் பின்பக்கம் மறைவான ஓர் இடத்தில் முலாம் போகும்வரை சுரண்டி, மயில்துத்த (காப்பர் சல்பேட்) கரைசல் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கிறேன். சாதா இரும்பானால் சற்று நேரத்தில் செம்பு நிறம் ஏறிவிடும். எவர்சில்வர் அசைந்து கொடுக்காது.

இனி பூச்சுகள். அலுமினியத்துக்கு மட்டுமே அனோடைசிங் சரிப்படும். அது மேலே பூசுவது அல்ல, அலுமினியத்தின் மேற்பரப்பையே ஆக்சைடாக மாற்றி, அதன் நுண்துளைகளில் நிறத்தை ஏற்றி மூடுவது. ஆகவே உரிவது என்ற பேச்சே கிடையாது. ஆனால் உரியாது என்பதால் நிறமும் போகாது என்று அர்த்தமில்லை. சாதாரணக் கறுப்புச் சாயம் ஏற்றினால் வெயிலில் வருடங்கள் போகப் போக வெளுத்து, ஊதாவோ பழுப்போ தட்டும். உலோக உப்பை மின்சாரம் மூலம் துளைக்குள் படிய வைக்கும் முறை ஒன்று உண்டு. கட்டடங்களின் ஜன்னல் சட்டங்களுக்குச் செய்வது அதுதான், வெயிலுக்கு அசராது. எந்த முறை என்று பட்டறையில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். இன்னொன்று, சிலிக்கான் அதிகமுள்ள வார்ப்பு அலுமினியத்தில் நிறம் திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும். காரம் மிகுந்த கிளீனர் பட்டாலும் அனோடைசிங் அரித்துப்போகும். கார் கழுவும் இடத்தில் கொஞ்சம் கவனம் தேவை.

பவுடர் கோட்டிங்கைத்தான், அதாவது பெயின்ட் தூளைப் படியவைத்து அடுப்பில் உருக்கிப் பிடிக்கவைப்பதை, எல்லோரும் முதலில் சிபாரிசு செய்வார்கள். கெட்டியானதுதான், மறுக்கவில்லை. சிக்கல் அதன் தடிமனில் இருக்கிறது. 60 முதல் 100 மைக்ரான் வரை ஏறும், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். கேட்பதற்கு ஒன்றுமில்லை போலத் தோன்றும். கிளிப் நுழையும் மடிப்பில் இரண்டு பக்கமும் அது ஏறியபின் கிளிப்பை மாட்டிப் பாருங்கள், தெரியும். இரண்டாவது காரில் நான் ரப்பர் சுத்தியலால் தட்டித்தான் பட்டியை உட்கார வைத்தேன். ஒவ்வொரு கிளிப்புக்கு மேலும் மயிரிழை போல ஒரு வெடிப்பு. அந்தப் பட்டிகள் இரும்பு. தண்ணீர் உள்ளே போய், அடுத்த வருடமே கறுப்புக்கு அடியில் துரு வரி வரியாக ஓடியது.

வைப்பர் கை கதை இன்னும் மோசம். பவுடரை 180 முதல் 200 டிகிரி சூட்டில் பத்து இருபது நிமிடம் வேகவைக்க வேண்டும். கையின் மூட்டுக்குள் நைலான் புஷ் (உராயாமல் திரும்பப் போடும் வளையம்) ஒளிந்திருந்ததை நானும் பார்க்கவில்லை, பட்டறைக்காரரும் பார்க்கவில்லை. அடுப்பைவிட்டு வெளியே வந்தபோது மூட்டு ஒட்டிப்போய்க் கை விறைத்து நின்றது. துத்தநாக வார்ப்புகளும் அடுப்பில் சேட்டை செய்யும். உள்ளே அடைந்திருக்கும் காற்று சூட்டில் வெளியேறிப் பூச்சில் ஊசித்துளைகள் போடும். முன்கூட்டியே ஒருமுறை சூடாக்கிக் காற்றைப் போக்கினால் ஓரளவு தப்பிக்கலாம்.

கிரில் சட்டம், ரூஃப் ரெயில் மாதிரி கனமாக, போல்ட் போட்டு மாட்டும் பாகங்களுக்கு இன்றைக்கும் பவுடர்தான் என் முதல் தேர்வு. வெளியில் இருக்கும் பாகத்துக்கு பாலியெஸ்டர் பவுடர் கேளுங்கள். எபாக்சி பவுடர் துருவை நன்றாகத் தடுத்தாலும் வெயிலில் சுண்ணாம்பு படிந்த மாதிரி வெளுத்துப்போகும்.

மெல்லிய, கிளிப்பில் மாட்டும் ஜன்னல் பட்டிகளுக்கு? எபாக்சி பிரைமர் (பிடிப்புக்கு அடிக்கும் அடிப்பூச்சு), அதன் மேல் ஹார்ட்னர் (பெயின்ட்டை இறுக வைக்கும் திரவம்) கலந்து அடிக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) பெயின்ட்டில் சாட்டின் கறுப்பு. மூன்றாவது காருக்கு இதைத்தான் செய்தேன், இன்னும் அப்படியே நிற்கிறது. பூச்சு மெல்லியது, அடுப்பு வேண்டாம், ஓரிடத்தில் கல் பட்டுத் தெறித்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து மறுபடி அடிக்கலாம். இந்தக் கடைசி வசதி பவுடரிலும் அனோடைசிங்கிலும் கிடையாது. எனக்கு இதுவே பெரிய விஷயம், ஏனென்றால் டிரிமில் கல் படாமல் இருக்கப்போவதில்லை. ஹார்ட்னர் இல்லாத சாதா டப்பா ஸ்ப்ரே பெட்ரோல் சொட்டினாலே இளகிவிடும், அதை விட்டுவிடுங்கள்.

ஆனால் வேலை முழுக்கத் தேய்ப்பதில்தான் இருக்கிறது. முதலில் மெழுகும், பாலிஷ்களில் இருக்கும் சிலிக்கோனும் போகத் துடைக்க வேண்டும். டேஷ்போர்டு பாலிஷின் சுவடு இருந்தாலே பெயின்ட் மீன்கண் போலக் குழிகுழியாக விலகும். அப்புறம் 320 நம்பர் உப்புத்தாள், எங்கு பார்த்தாலும் மினுக்கு தெரியாதவரை. முகப்பைவிட ஓர மடிப்பிலும் முனைகளிலும் இரண்டு மடங்கு நேரம் செலவிடுங்கள், உரிதல் அங்கிருந்துதான் கிளம்பும். எவர்சில்வரையும் அலுமினியத்தையும் இரும்புக் கம்பிப் பஞ்சால் தேய்க்காதீர்கள், துணுக்குகள் பதிந்து பின்னால் துருப்புள்ளியாக எட்டிப் பார்க்கும். மெல்லிய தகட்டை சாண்ட் பிளாஸ்டிங்குக்கும் கொடுக்க வேண்டாம், நெளிந்துவிடும். பழைய அனோடைசிங் கெட்டியாக இருந்தால் எடுக்கத் தேவையில்லை, தேய்த்துவிட்டு பிரைமர் அடிக்கலாம். குரோம் உரிய ஆரம்பித்திருந்தால் கதை வேறு: மொத்தமாக எடுத்தாக வேண்டும், அதை முலாம் பட்டறையில் கொடுங்கள். வீட்டில் மின்சாரம் வைத்துக் குரோம் கழற்றும் வித்தையில் இறங்காதீர்கள், மிஞ்சும் தண்ணீர் கொடிய விஷம்.

பி.யு. ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஒருமுறை அதற்கு நுரையீரல் ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் மூச்சு முட்டும். துணி முகமூடியெல்லாம் பேச்சுக்குத்தான். வெளிக்காற்று குழாயில் வரும் முகமூடி இல்லையென்றால், தேய்ப்பது, பிரிப்பது, மாட்டுவது மட்டும் உங்கள் வேலை, அடிப்பதைப் பெயின்டரிடம் விடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. பிளாக் ஆக்சைடு (இரும்பின் மேற்பரப்பையே ரசாயனத்தில் கறுப்பாக்கி எண்ணெய் பூசுவது) ஒரு மைக்ரானைச் சுற்றித்தான் இருக்கும், அந்த எண்ணெய் காய்ந்ததும் மழையில் துருப்பிடிக்கும், வெளிப் பாகங்களுக்கு ஆகாது. பிளாக் குரோம் (கறுப்பு நிறக் குரோம் முலாம்) அழகு, ஆனால் அடியில் நிக்கல் முலாம் சரியாக அமைய வேண்டும். வெற்றிட அறையில் படியவைக்கும் பி.வி.டி. கல்லு மாதிரி இருக்கும், ஆனால் மிக மெல்லியது என்பதால் அடியிலுள்ள ஒவ்வொரு கீறலையும் காட்டிக்கொடுக்கும். உரித்தெடுக்கும் ரப்பர் பெயின்ட், கறுப்பு பிடிக்கிறதா என்று பார்க்கும் ஒத்திகைக்கு மட்டும்.

முழுப் பாகத்திலும் அடிக்கும் முன், அதே உலோகத்தில் உதவாத துண்டு ஒன்றில் அடித்துப் பாருங்கள். ஒரு வாரம் காயவிட்டு, பிளேடால் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் நெடுக்காக ஆறு, குறுக்காக ஆறு கோடு கிழித்து, டேப் ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். ஐ.எஸ்.ஓ. 2409 என்ற தர முறையின் எளிய வடிவம் இது. பூச்சு 60 மைக்ரானைத் தாண்டினால் கோடுகளை 2 மில்லிமீட்டர் தள்ளிக் கிழிக்க வேண்டும். கட்டங்கள் டேப்போடு வந்தால் மறுபடி உப்புத்தாளை எடுங்கள்.

மாட்டும்போது ஒன்று. கறுப்பாக்கிய பட்டி வெயிலில் முன்னைவிட அதிகம் சுடும். ஒரு மீட்டர் அலுமினியப் பட்டி 50 டிகிரி சூடேறினால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளும், அடியிலுள்ள இரும்பு பாடி அதில் பாதிதான் நீளும். தினம் தினம் பட்டி கிளிப்புக்கு மேல் நகர்ந்து உராய்கிறது என்று பொருள். துருப்பிடித்த பழைய கிளிப் அங்கே அரம் மாதிரி வேலை செய்யும். எனவே புதுக் கிளிப் போடுங்கள், உராயும் இடத்தில் சின்னதாக ஒரு டேப் ஒட்டுங்கள், பட்டியின் முனைகளில் ஒரு மில்லிமீட்டராவது இடம் விடுங்கள்.