லைன் கார் தாத்தா பதில்கள்: தண்ணீர் ஊற்றும் வாரம்

பங்குனி பிறந்தாலே எனக்கு வரும் கடிதங்கள் ஈரமாகிவிடும். இந்த முறை வந்ததில் பெரும்பாதி பர்மாவின் தண்ணீர்த் திருவிழாவான திஞ்சான் பற்றியே. இந்தப் பக்கத்துக்குப் புதியவர்களுக்காக ஒரு வார்த்தை: நான் ரங்கோனில் பிறந்து, தம்வேக்கும் சூலே பகோடாவுக்கும் நடுவே 28 வருடம் லைன் கார் ஓட்டியவன். லைன் கார் என்றால் பின்னால் இரண்டு நீளப் பலகை போட்ட டொயோட்டா பிக்கப். உள்ளே உட்கார்ந்தவர்களைவிட வெளியே தொங்கியவர்கள்தான் அதிகம். திஞ்சான் வாரத்தில் அதே வண்டியில் எங்கள் தெருப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுவேன். பர்மியப் பிள்ளைகளுக்கு நான் ஊலே, அதாவது மாமா; தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தாத்தா. எப்படிக் கூப்பிட்டாலும் பதில் வரும்.

கே: மகனுக்கு ரங்கோனில் வேலை. "ஏப்ரலில் வாங்கப்பா, நாலு நாள் ஊரே தண்ணி ஊத்தும்" என்கிறான். எதற்காக ஊற்றுகிறார்கள்? சாமி கதை ஏதும் உண்டா? எனக்கு வயது 62. (சிதம்பரம் வாசகர்)

ப: உண்டு. அதில் நம் பிள்ளையாரும் இருக்கிறார், கேளுங்கள்.

தேவர்களின் அரசன் தஜாமின், அதாவது நம் இந்திரன். அவருக்கும் ஒரு பிரம்மாவுக்கும் பந்தயம். தோற்றவன் தலையைக் கொடுக்க வேண்டும். பிரம்மா தோற்றார், தலை போயிற்று. பாவம் என்று உடம்பில் யானைத் தலையை வைத்தார்கள், அவரே பிள்ளையார். வெட்டிய தலைதான் தொல்லை. கடலில் போட்டால் கடல் வற்றும், நிலத்தில் போட்டால் நிலம் கருகும், மேலே எறிந்தால் வானம் பற்றிக்கொள்ளும். அதனால் தேவகன்னிகள் வருடத்துக்கு ஒருத்தியாக அதைக் கையில் ஏந்தி நிற்கிறார்கள். ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு அது மாறும் வேளைதான் வருடப் பிறப்பு. இந்தக் கதையைச் சொன்னபோது என் பேத்தி, "அப்ப ரெண்டு பிள்ளையாரா தாத்தா?" என்றாள். ஒரே பிள்ளையார்தான், பிறப்புச் சான்றிதழ் மட்டும் ரெண்டு என்று சமாளித்தேன்.

தஜாமின் இந்த நாட்களில் பூமிக்கு இறங்கி வருவார். நல்லது செய்தவன் பெயரைத் தங்க ஏட்டிலும், கெட்டது செய்தவன் பெயரை நாய்த்தோல் ஏட்டிலும் எழுதிக்கொண்டு போவார். அவர் வருவதற்கு முந்தின நாள் அக்யோ, இறங்கும் நாள் அக்யா, தங்கும் நாள் அக்யாட், திரும்பும் நாள் அடெட். பெரும்பாலும் ஏப்ரல் 13 முதல் 16 வரை, 17 அன்று புது வருடம். சில வருடம் அக்யாட் இரண்டு நாள் வந்துவிடும். அந்த வருடம் என் வண்டிக்குக் கூடுதலாக ஒரு நாள் குளியல்.

பழைய வருடத்து அழுக்கு போகட்டும் என்றுதான் தண்ணீர் ஊற்றுவது. வெள்ளிக் கிண்ணத்தில் வாசனைத் தண்ணீர் எடுத்து, நாவல் இலை போலிருக்கும் தபியே கொழுந்தைத் தோய்த்துத் தோளில் தெளிப்பது பழைய வழக்கம். வயதானவர்களையும் பிட்சுகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் நனைக்க மாட்டார்கள். ஆனால் 62 வயதெல்லாம் ரங்கோனில் வயதே இல்லை ஐயா. மாற்றுத் துணி இரண்டு செட் கொண்டு வாருங்கள்.

கே: 14ஆம் தேதி காலையில் குடும்பத்தோடு கோயிலுக்குப் போக வேண்டும் என்கிறார் மாமியார். பிள்ளைகளோ அன்றைக்குத்தான் தண்ணி விளையாட்டு, வர மாட்டோம் என்கிறார்கள். வருடா வருடம் இதே சண்டை. இரண்டு பண்டிகையும் ஏன் ஒரே வாரத்தில் வந்து தொலைக்கின்றன? (தம்வே வாசகி)

ப: தொலைக்கவில்லை அம்மா, இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். சங்கராந்தி என்ற சொல்தான் பர்மிய வாயில் திஞ்சான் ஆனது. நம் பஞ்சாங்கப்படி சூரியன் மேஷத்தில் நுழையும் வேளையும், தஜாமின் இறங்குகிறார் என்று இவர்கள் சொல்லும் வேளையும் ஏறக்குறைய ஒன்றே. நாம் அன்றைக்கே சித்திரை ஒன்று என்று சொல்லிவிடுகிறோம். இவர்கள் அதற்குமேல் இரண்டு நாளும் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகமாகவும் தஜாமினைத் தங்கவைத்து அனுப்பிவிட்டு, மறுநாள்தான் வருடம் பிறந்தது என்பார்கள். தாய்லாந்துக்காரரும் லாவோஸ்காரரும் கம்போடியரும் இதே வாரத்தில்தான் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

சண்டைக்கு என் வீட்டு வைத்தியம் சொல்கிறேன். விடியற்காலை ஐந்தரைக்கு எல்லோரையும் எழுப்பிவிடுவேன். அந்த நேரத்தில் எந்தத் தெருவிலும் பீப்பாய் நிரம்பியிருக்காது. அனோரதா சாலைக் காளியம்மன் கோயிலுக்குப் போவோம். 1871இல் நம் தமிழர்கள் கட்டியது. தீபாராதனை, திருநீறு, வெளியே செருப்பைத் தேடுவது எல்லாம் ஏழரைக்குள் முடிந்துவிடும். வீட்டுக்கு வந்து மாங்காய்ப் பச்சடி. அதன் பிறகு பிள்ளைகள் தெருவுக்கு, மாமியார் நாற்காலிக்கு.

ஒரு வருடம் எட்டு மணியாகிவிட்டது. புது வேட்டி, சட்டைப் பையில் அர்ச்சனைத் தட்டு விபூதிப் பொட்டலம். முப்பத்தொன்பதாம் தெரு முனையில் ஏழு வயது இருக்கும், ஒரு பர்மியப் பெண் குழந்தை சின்ன அலுமினியக் கிண்ணத்தோடு நின்றாள். என் வேட்டியைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். ஊற்றலாமா கூடாதா என்று அவளுக்குக் குழப்பம். தோளைக் குனிந்து காட்டினேன். கிண்ணத்தில் இருந்ததே ஒரு வாய்த் தண்ணீர்தான், பன்னீர் வாசனை வேறு. அந்தக் கைக்கு வேட்டி நனைந்தால் என்ன? ஐந்தடி தள்ளி அவள் அண்ணன்மார் வாளியோடு நின்றதை நான் கவனிக்கவில்லை, அது வேறு விஷயம். விபூதி கூழாகிவிட்டது.

கே: மண்டாட் என்கிறார்களே, அங்கே போகலாமா? பாதுகாப்பா? (பினாங்கு வாசகி)

ப: மண்டாட் என்பது நம் மண்டபம்தான். திஞ்சானுக்காகச் சாலையோரம் கட்டும் பந்தல் மேடை. நான் சின்னப் பையனாக இருந்தபோது மூங்கிலும் தென்னங்கீற்றும்தான். யெயின் என்று சொல்லும் குழு நடனம் ஆடும் பெண்கள், காதில் பதாவ் பூ, ஓரத்தில் நாலு பீப்பாய் தண்ணீர், அவ்வளவுதான். இப்போதும் சூலேக்கு எதிரே நகர மன்றத்தின் முன்னால் போடும் பெரிய மண்டாட்டில் நடனம் பார்க்கலாம்.

மற்றவை வேறு ஜாதி. இன்யா ஏரியிலும் கண்டோஜி ஏரியிலும் மோட்டார் வைத்துத் தண்ணீரை உறிஞ்சி, இரும்புச் சாரத்தில் வரிசையாகக் குழாய்களை மாட்டி, டிக்கெட் வாங்கியவர் கையில் ஆளுக்கொன்று கொடுத்துவிடுவார்கள். கீழே வண்டிகள் நத்தை மாதிரி ஊரும். மேலேயிருந்து அடிப்பார்கள். ஒலிபெருக்கி சத்தத்தில் நெஞ்செலும்பு அதிரும். பணம் வாங்குவதைக் குறை சொல்லவில்லை, டீசல் யார் அப்பன் வீட்டுது? ஆனால் அதை விளையாட்டு என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

ஏன் என்றால் என் இடது காது. ஒரு கம்பெனி மண்டாட்டுக்கு முன்னால் வண்டி நின்றுவிட்டது. பின்னால் உட்கார்ந்த பிள்ளைகளைப் பார்க்கக் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினேன். பதினைந்து அடி தூரத்திலிருந்து நேராகக் காதுக்குள் ஒரு பீச்சு. 'ணங்' என்று ஒரு சத்தம் கேட்டது, அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. ஜவ்வு கிழிந்திருந்தது. இரண்டு மாதத்தில் ஆறிவிட்டது என்றாலும் இன்றைக்கும் மனைவி இடது பக்கம் நின்று திட்டினால் பாதிதான் காதில் விழும். அதில் எனக்கு வருத்தமில்லை.

ஆகவே போவதானால் காதில் பஞ்சு, கண்ணுக்கு நீச்சல் கண்ணாடி. காண்டாக்ட் லென்ஸைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஏரித் தண்ணீர் வாயில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போனுக்குக் கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் உறை தெருவிலேயே விற்கும். பாஸ்போர்ட் அறையிலேயே இருக்கட்டும். என்னைக் கேட்டால், மண்டாட்டை ஒரு மணி நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, நகரத்தின் நடுவே நம்பர் போட்ட சின்னத் தெரு எதிலாவது நுழைந்துவிடுங்கள். வீட்டுக்கு வீடு ஒரு பீப்பாய், ஒரு கிழவி, பத்துப் பிள்ளைகள். ஐஸ் கட்டியை உடைத்துப் போட்ட தண்ணீரைப் பின்னாலிருந்து சட்டைக்குள் ஊற்றுவார்கள். ஏப்ரல் வெயிலில் அந்த ஒரு நொடிக்கு ஈடு கிடையாது.

கே: வேண்டாம் என்றால் விடுவார்களா? (மதுரை வாசகர்)

ப: சாயங்காலம் ஆறு மணிக்குமேல் விடுவார்கள்.

கே: நண்பர்களோடு பழைய பெட்ரோல் ஜீப் ஒன்று வாடகைக்குப் பேசியிருக்கிறோம். போன வருடம் பியே சாலையில் பாதி வழியில் நின்றுவிட்டது. என்ன செய்யலாம்? (கமாயூட் வாசகர்)

ப: இப்படிக் கேட்கத்தானே நான் இருக்கிறேன்!

உங்கள் வண்டி டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டப்பா, நனைந்துதான் நின்றிருக்கும். முன்கிரில் வழியாகத் தண்ணீர் உள்ளே அடிக்கும். மூடிக்கும் பிளக் ஒயருக்கும் நடுவே ஈரம் இறங்கினால் மின்பொறி பிளக்குக்குப் போகாமல் வழியிலேயே கசிந்துவிடும். வண்டி இருமும், அப்புறம் சாகும். முதல் நாளே மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்து மாட்டுங்கள். அதன்மேல் ஒரு ரப்பர் கையுறையைக் கவிழ்த்து, விரல் நுனிகளை வெட்டி, அவற்றின் வழியாக ஒயர்களை வெளியே எடுங்கள். சைக்கிள் டியூபை அறுத்து ஒயர் அடிகளில் இறுக்கிக் கட்டுங்கள். கிரில்லுக்குப் பின்னால் பாதி உயரத்துக்கு ஒரு ரப்பர் பாயைத் தொங்கவிடலாம். முழுதும் மூடிவிடாதீர்கள், ஊரும் வேகத்தில் ரேடியேட்டர் கொதித்துவிடும். இன்னொன்று, டிரம் பிரேக் நனைந்தால் பிடிக்காது. கூட்டத்தைத் தாண்டியதும் மெதுவாகப் போய்க்கொண்டே பிரேக்கை லேசாக மிதித்து மிதித்துக் காயவையுங்கள்.

வண்டி ஓட்டுகிறவர் குடிக்கக் கூடாது. பின்னால் இருக்கும் யாரும் பக்கப் பலகைமேல் ஏறி உட்காரக் கூடாது. என் வண்டியில் இந்த இரண்டுக்கும் விதிவிலக்கே கிடையாது. இதற்காகவே என்னைக் கடுகடு ஊலே என்பார்கள்.

கே: திஞ்சான் பலகாரம் நம் கொழுக்கட்டை போலவே இருக்கிறதாமே? (கோயம்புத்தூர் வாசகி)

ப: மோன்லோன் யேபோ. பசையரிசி மாவை உருட்டி, நடுவில் பனைவெல்லத் துண்டு வைத்து, கொதிக்கும் தண்ணீரில் போடுவார்கள். வெந்ததும் மிதக்கும், அள்ளித் தேங்காய்த் துருவல் தூவித் தருவார்கள். தெருவே கூடி உருட்டி, போகிற வருகிறவருக்கெல்லாம் இலவசமாகக் கொடுக்கும். இந்த அன்னதானத்துக்கு சதுதித்தா என்று பெயர், நாலு திசையிலிருந்து யார் வந்தாலும் சாப்பாடு என்று பொருள். எங்கள் தெருவில் தமிழ் வீடுகள் ஒரு அண்டா மோர் வைக்கும், பக்கத்தில் முஸ்லிம் வீட்டார் பலூடா வைப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. பத்துக்கு ஒன்றில் வெல்லத்துக்குப் பதில் காந்தாரி மிளகாய் இருக்கும். சிரித்துக்கொண்டே நீட்டுகிறவர்களிடம் வாங்காதீர்கள்.

கே: இந்த வருடம் கொண்டாட்டம் எப்படி இருக்கும்? (ஈப்போ வாசகர்)

ப: 2020இல் கொரோனாவால் திருவிழாவே இல்லை. 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்து நாடே இழவு வீடாக இருந்தது, மண்டாட் பக்கம் போக யாருக்கும் மனமில்லை. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ திஞ்சானைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாலு மாதம்கூட ஆகவில்லை, 2025 மார்ச் 28இல் மண்டலே பக்கம் அந்தப் பூகம்பம். எங்கள் தெருவில் அந்த வருடம் பாட்டு வைக்கவில்லை. பீப்பாயை மட்டும் நிரப்பி வைத்தோம், குழந்தைகள் சத்தமில்லாமல் ஊற்றிக்கொண்டார்கள். இந்த வருடம் பீப்பாய் நிரம்பும், அது உறுதி. பாட்டு உண்டா என்பதைத் தெருப் பெரியவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கே: அம்மா 1964இல் ரங்கோனிலிருந்து கப்பலில் வந்தவர். 84 வயது. ஒவ்வொரு ஏப்ரலிலும் வாசலில் ஒரு மண்பானையில் பூவும் தழையும் செருகி வைத்து, மூன்றாம் நாள் அந்தத் தண்ணீரை வாசலிலேயே ஊற்றுகிறார். கேட்டால் "அங்க செய்வோம்" என்பதோடு சரி. என்ன அது? (வியாசர்பாடி வாசகி)

ப: கடிதத்தை இரண்டு தடவை படித்தேன் அம்மா.

அதற்கு அட்டா பானை என்று பெயர். தஜாமினை வரவேற்க வீட்டுக்கு வீடு வைப்பார்கள். அவர் இறங்கும் வேளைக்கு ரங்கோனில் பீரங்கி வெடிக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் வீட்டுப் பெரியவர் பானையைக் கையில் எடுத்து, வேண்டிக்கொண்டு, தண்ணீரை மண்ணில் ஊற்றுவார். வியாசர்பாடியில் பீரங்கி ஏது? அதனால்தான் அம்மா தனக்கென்று ஒரு நாளை வைத்துக்கொண்டிருக்கிறார் போலும்.

உங்கள் அம்மா கப்பல் ஏறிய அதே வருடம்தான் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, ஐம்பது சாட், நூறு சாட் நோட்டுகள் செல்லாது என்றது. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. எங்கள் தெருவில் தமிழ் வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டே வந்தன. என் அப்பா போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அடுத்த திஞ்சானுக்குப் பூட்டிய வீடுகளின் வாசலிலும் பக்கத்து வீட்டு பர்மியக் கிழவி ஒருத்தி பானை வைத்தாள். எதற்கு என்று கேட்டேன். தஜாமினுக்கு யார் ஊருக்குப் போனார்கள் என்று எப்படித் தெரியும், வீடு வீடாகத்தானே பார்ப்பார் என்றாள்.

அங்கே பதாவ் பூ கிடைக்காது. நம் வேங்கை மரத்தின் உறவுதான் அது. முதல் கோடைமழை விழுந்ததும் ஒரே நாளில் மரமே மஞ்சளாகிவிடும், மறுநாள் எல்லாம் தரையில் கிடக்கும். அம்மா அதற்குப் பதில் என்ன பூ வைக்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். எந்தத் தெருவில் இருந்தார்கள் என்பதையும் கேளுங்கள். நடந்து போகும் தூரம் என்றால் இந்த அக்யா அன்று நானே போய் அந்த வாசலில் ஒரு பானை வைத்துவிட்டு வருகிறேன்.